கரைக்கொக்கு இறங்கிய இடம்

பறவை பார்க்கிறவர்கள் இரக்கமுள்ளவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். உண்மையில் எங்களுக்கு வேண்டியது, பார்த்த பறவைகளின் பட்டியல். என் நண்பன் ராமேஸ்வரத்தில் கரைக்கொக்கைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வருடம் கேலி பேசியே என்னைக் கொன்றான். நான் கோவைக்காரன், கடலுக்கு எங்கே போவேன்? கடைசியில் நான்கு நாள் விடுப்பு போட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்தேன். ஊர்ப்பெயரை அப்போது இன்னும் மாற்றியிருக்கவில்லை.

மூன்று நாள் வாடகை சைக்கிளில் அலைந்ததில் காக்கையும் தெருநாயும்தான் மிச்சம். ஊருக்குப் பஸ் ஏற வேண்டிய நான்காம் நாள் காலையில், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். சேற்றுத் திட்டில் ஒரு வெள்ளைக் கொக்கு தனியாக நின்றது. இருபதடி தூரத்துக்கு நெருங்கியும் பறக்கவில்லை. எனக்கு ஏக சந்தோஷம். பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். அதன் இரண்டு கண்ணிமைகளையும் நூலால் தைத்திருந்தார்கள். காலில் கயிறு கட்டி, மறுமுனையை ஒரு குச்சியில் முடிந்திருந்தார்கள்.

பக்கத்துப் புதரிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், ஏறக்குறைய என் வயது.

"குந்துங்க சார். நின்னுக்கினு இருந்தா ஒண்ணும் எறங்காது."

"எதுக்குங்க கண்ணைத் தெச்சு வெச்சிருக்கீங்க?"

"தெறந்திருந்தா ஆளப் பாத்துப் பதறும் சார். இது சும்மா நின்னாதான், இங்க பயமில்லன்னு மத்ததுங்க வரும்."

கொக்கைச் சுற்றிலும் சேற்றில் நைலான் கண்ணிகள் வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. இரண்டு தரம் ஓங்கிக் கைதட்டினால் போதும், வருகிற பறவை எல்லாம் திரும்பிப் போய்விடும். அவரால் என்னை என்ன செய்துவிட முடியும்? கையைத் தூக்கப் போன நேரத்தில் கரைக்கொக்கு வந்தது. உடம்பெல்லாம் கருஞ்சாம்பல், தொண்டை மட்டும் வெள்ளை. தலைக்கு மேலே வட்டமடித்தது. பாதம் மஞ்சளா என்று பார்த்துச் சொன்னால்தான் நண்பன் ஒப்புக்கொள்வான். இறங்கினால்தான் பாதம் தெரியும்.

நான் குந்தினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

இறங்கியது. பாதம் மஞ்சள்தான். இரண்டு எட்டு வைத்தது, மூன்றாவதில் கண்ணி இறுகியது. அது அடித்துக்கொண்டபோது, என்ன நடக்கிறதென்று தெரியாமல் தையல் போட்ட கொக்கும் சேர்ந்து அடித்துக்கொண்டது. அவர் சேற்றில் ஓடிப்போய்க் கரைக்கொக்கின் சிறகுகளை முதுகுப்பக்கம் முறுக்கி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு குருட்டுக் கொக்கின் அலகைப் பிளந்து ஒரு சின்ன மீனைத் திணித்தார்.

கரைக்கொக்கைத் தலைகீழாகப் பிடித்தபடி என்னிடம் வந்தார். அது இன்னும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கருப்பு ரொம்ப உஷாரு சார். ரெண்டு மூணு வாட்டி தப்பிச்சிட்டுது. ஆளு கொஞ்சம் அசைஞ்சாலே போயிடும். நீங்க கம்முனு குந்திக்கினு இருந்தீங்க பாருங்க, அதான் எறங்குச்சி."

கூட வேலை செய்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து எழுதினேன்: கரைக்கொக்கு, ஒன்று, பாதம் மஞ்சள்.

நண்பன் ஒப்புக்கொண்டான். எவ்வளவு கிட்டத்தில் பார்த்தாய் என்று கேட்டான். தொடுகிற தூரத்தில் என்றேன்.