அக்காவுக்குக் கல்லூரி பார்த்தோம்

மற்ற வீடுகளில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கல்லூரி பார்த்தோம். எண்பதுகளின் தொடக்கம், ஜூன் மாதம். ஆரணிக் காற்றில் சாய வாசனை, தெருவுக்குத் தெரு தறிச் சத்தம், அதற்கெல்லாம் மேலே எங்கள் அப்பாவின் ஜெபச் சத்தம். அப்பா சபைக்கு உபதேசியார். பாதிரியார் மாதம் ஒரு ஞாயிறுதான் எட்டிப் பார்ப்பார், மீதி ஞாயிறெல்லாம் அப்பாவின் பிரசங்கம்தான். அம்மா பக்கத்துச் சேவூர்த் தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். அக்கா கணக்கில் பள்ளிக்கே முதல். எங்கள் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆளும் அவள்தான்.

இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டிருந்தன. இரண்டும் கிறிஸ்தவக் கல்லூரிகள். பெயர் வேண்டாம், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. எது விசுவாசத்துக்கு ஏற்றது என்று அளந்து பார்க்க அப்பாவிடம் ஒரே ஒரு அளவுதான் இருந்தது: ஜெபிக்கும்போது முழங்கால் போடுகிறார்களா? உட்கார்ந்தபடி ஜெபிக்கிறவர்களை அவர் நம்பமாட்டார். "ஆண்டவர் முன்னாலயே காலை மடக்காதவங்க, பசங்கள எப்பிடி வளப்பாங்க?" என்பார். அவருடைய வேட்டிகளிலெல்லாம் முழங்கால் இடத்தில் இரண்டு பழுப்பு நிலாக்கள், அம்மா எவ்வளவு அடித்துத் துவைத்தும் மறையாத நிலாக்கள்.

எனக்கு ஒன்பது வயது. அழுதே பஸ்ஸில் இடம் பிடித்தேன்.

வடக்குக் கல்லூரிக்குள் நுழைந்ததுமே இதுதான் பரலோகம் என்று முடிவு செய்துவிட்டேன். சிவப்புக் கட்டடங்கள், பாதை முழுக்க உதிர்ந்த சரக்கொன்றை, எங்கிருந்தோ பியானோ. ஆலய மணி அடித்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் முழங்காலிட்டார்கள். தரை தொம்மென்று அதிர்ந்தது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்துக்கினியாம்மா? இதான் காலேஜு," என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கும் சம்மதம். அவள் ஆசைப்பட்ட கணக்கு அங்கேதான் இருந்தது.

விடுதியைக் கவனிக்கும் அம்மையார் வெள்ளைச் சேலையில், வெண்ணெய் போன்ற குரலில் வரவேற்றார். எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்.

"ஆரணியா? பட்டு ஊராச்சே! ஆரணியில எங்க?"

"சேவூர் போற வழிங்க," என்றார் அப்பா.

"சேவூர் போற வழின்னா?"

"ஏரிப் பக்கம்ங்க."

"ஏரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அப்பா துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். யோர்தான் நதிக்கு இக்கரை எது, அக்கரை எது என்று ஞாயிறு தவறாமல் விளக்குகிறவர், சொந்தத் தெருவுக்கு வழி சொல்லத் திணறுகிறாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"காலனிங்க டீச்சர்!" என்றேன், வாய் நிறையக் கேக்கோடு.

அம்மையாரின் சிரிப்பு குறையவில்லை. இன்னும் கனிந்தது.

"அப்பிடிச் சொல்லு கண்ணு. அப்ப கவலையே இல்ல, ஐயா. பின்னால தனிக் கட்டடம் இருக்கு. சமையலும் தனி. உங்க பக்கத்துப் பிள்ளைங்க மட்டும்தான். கூச்சமில்லாம இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேத்துடுங்க."

தனிக் கட்டடம்! ராஜகுமாரிகளுக்குத்தான் அப்படிக் கொடுப்பார்கள். அப்பா "ஸ்தோத்திரம்ங்க" என்று எழுந்து, மதிப்பெண் பட்டியலை மடித்துத் துணிப்பைக்குள் வைத்தார். அக்கா எங்களுக்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் தெற்கு. அங்கே பியானோ இல்லை. பாதி வகுப்புகளுக்குத் தகரக் கூரை. ஜெப நேரத்தில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார்கள். ஒருத்தி கொட்டாவிகூட விட்டாள். நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன்.

"அப்பா, முழங்காலே போடல!"

"தரை ஈரமா கீதும்மா," என்றார் அப்பா.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரலில் தூசிதான் ஒட்டியது.

மத்தியானம் கல்லூரி முதல்வர் எங்களையும் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துக்கொண்டு போனார். நீள மேசை, நெருக்கியடித்த பெண்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி, அக்கா கடித்து வைத்த அப்பளத்தைப் பட்டென்று எடுத்துப் பாதியை மென்றுகொண்டே, "புதுசா? போன வருஷம் என் அப்பளத்த இப்பிடித்தான் புடுங்கினாளுங்க," என்றாள். மேசையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அந்த மிச்ச அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், திருவிருந்து அப்பத்தைப் பார்ப்பதுபோல.

"எங்க கிட்ட கணக்கு இல்லம்மா. தாவரவியல்தான் இருக்கு. வரியா?" என்றார் முதல்வர்.

அக்காவின் சிரிப்பு நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். உபதேசியாரின் கண் இன்னும் அந்த அப்பளத்தில்தான் இருந்தது. "வரேங்க," என்றாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊர் திரும்பியதும் குடத்தோடு தெருக் குழாய்க்கு ஓடினேன். சாயங்கால நேரம், முழுத் தெருவும் அங்கேதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நியாயம் கேட்டேன்.

"வடக்க கீற காலேஜுல நமக்குன்னே தனியா வூடு கட்டி வெச்சிகினு கீறாங்க. தனியா ஆக்கிப் போடுவாங்களாம். அப்பா வேணாம்னுட்டாரு!"

எல்லாரும் அப்பாவைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு குடம் நிரம்பி வழிந்தது, அதை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் எதிர்வீட்டு அத்தைதான் வாய் திறந்தாள். "உங்கப்பாரு நல்ல வேலை பண்ணாரு, போ," என்றவள், வரிசையின் கோடியில் நின்ற என் கையிலிருந்து குடத்தை வாங்கி எல்லாருக்கும் முன்னால் குழாயடியில் வைத்தாள். யாரும் "இன்னாடி இது" என்று பாயவில்லை. அப்படி ஒரு சாயங்காலம் அந்தக் குழாயடியில் அதற்குமுன் வந்ததில்லை. எனக்கு எதற்கு அந்த முதல் தண்ணீர் என்று தெரியவில்லை. தெரியாமலேயே, இடுப்பெல்லாம் நனைய, பெரிய பெருமையோடு வீட்டுக்கு நடந்தேன்.