பூதத்தைக் கொல்லாதவனுக்குப் பாயிண்ட் கிடையாது

குப்புராஜ் பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஒவ்வொன்றாக மடித்து, சளி துப்பும் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தான். கிண்ணம் புதியதுதான், ஸ்டோரிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். தொடை வரை மாவுக்கட்டு போட்ட பிறகும் அவன் கை சும்மா இருக்காது. வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1984இல், நான் நர்ஸாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் மூன்று மாதம் கிடந்தான். தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஓர் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றப் பாய்ந்ததில் கால் முறிந்ததாக வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். நின்றிருந்த பஸ்ஸிலிருந்து ஒன்றுக்குப் போக இறங்கிச் சாக்கடையில் விழுந்தான் என்பதை அவன் மனைவி காவேரி முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

ஒகேனக்கல் பாறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரன் கொஞ்ச நாள் அவன் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். போகும்போது ஒரு புத்தகத்தையும் ஓர் ஆட்டத்தையும் குப்புராஜிடம் விட்டுவிட்டுப் போனான். அந்த ஆட்டத்துக்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார்: குகை, பூதம், புதையல். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதைக் கிண்ணத்திலிருந்து எடுக்கிற சீட்டு சொல்லும்; எண் பெரிதாக வந்தால் பலித்தது. பூதத்தைக் கொன்றால் பாயிண்ட். பாயிண்ட் சேரச் சேர அந்த ஆள் பலசாலி ஆவான். செத்தால் ஆட்டத்தை விட்டு வெளியே.

“எறங்கியாச்சுன்னா திரும்ப ஏற முடியாது” என்பான் குப்புராஜ். கதை சொல்பவன் அவன்தான். விசில் ஊதித்தான் ஆரம்பிப்பான். ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரீ மதர் இரண்டு முறை விசிலைப் பிடுங்கிப் பார்த்தார். மீன் வறுவல் கடை வைத்திருந்த காவேரி, மூன்றாவது விசிலை மீன் பொட்டலத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆட இருந்தவர்கள் இருவர். ஒருவர் கை முறிந்த சவுரியப்பன், கடத்தூர்ப் பக்கத்தில் கோயில்பிள்ளை. சர்ச்சில் பூசைக்கு மணியடிக்கும் சாதுவான மனிதர். ஆனால் கதையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டால் எதிரே வருகிற எதையும் விடமாட்டார். இன்னொருவன் சித்தேரி மலைத் தீர்த்தன். கடுக்காய் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை உடைத்துக்கொண்டவன். அவன் காலில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டிருந்தோம். வந்த வாரத்திலேயே இரண்டு முறை கயிற்றை அவிழ்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பப் பார்த்தான். எலும்பு கூடும் முன் எழுந்தால் கால் குட்டையாகிவிடும், அப்புறம் மலை ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான். ஆட்டம் ஆரம்பித்த பிறகு அவன் கை கயிற்றுப் பக்கம் போகவில்லை. விசிலை நான் பொறுத்துக்கொண்டது அதற்காகத்தான்.

ஒரு பிற்பகல், கதையில் ஒரு பூதம் குகைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

“வெட்டறேன்” என்றார் சவுரியப்பன்.

“இருங்கண்ணா. கண்டக்டரண்ணா, குகைக்குப் பின்னால ஓட்டை இருக்குதுங்களா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?” என்றான் தீர்த்தன்.

குப்புராஜ் இதையெல்லாம் யோசித்திருக்கவில்லை. “இருக்குது. பின்னாலருந்து முன்னால அடிக்குது.”

“பச்சத் தழையப் போட்டு அங்க பொகை வெக்கறேன்.”

சீட்டு பதினெட்டு வந்தது. பூதம் இருமிக்கொண்டே வெளியே வந்து மலையிறங்கி ஓடிப்போனது. உள்ளே போன சவுரியப்பன், மூலையில் கிடந்த ஒரு கிழட்டு எலியை இரண்டு துண்டாக்கினார்.

“எலிக்கு அஞ்சு பாயிண்ட், சவுரியப்பண்ணனுக்கு. தீர்த்தனுக்கு ஒண்ணுமில்ல.”

“ஏனுங்க? வழி தொறந்துச்சுங்களே!”

“தொறந்துச்சு. நீ கொல்லல. பூதத்தக் கொல்லாதவனுக்குப் பாயிண்ட் கெடயாது.”

குகைக்குள் இருந்த கதவுக்குப் பின்னால் இரண்டு தலைப் பாம்பு. பாயிண்டே சேராமல் தீர்த்தனுடைய ஆள் இருந்த இருப்புக்கு ஒரு கடி போதும்.

“எங்க மலையில வேட்டைக்குப் போனா ஈட்டி போட்டவனுக்கு மட்டுமா பங்கு? தடம் பாத்தவனுக்கு உண்டு, கூட வந்த நாய்க்கும் உண்டு. நான் நாயவிடக் கேவலங்களா?”

“அந்த எலிக்கு ஒரு கண்ணு நல்லாத் தெரிஞ்சுது தம்பி, ஆபத்தானது” என்றார் சவுரியப்பன்.

தீர்த்தன் கை கயிற்று முடிச்சுக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“விடுங்க சிஸ்டர். நாளைக்குப் பாம்பு கடிச்சுச் சாவப்போறேன். அப்புறம் இங்க படுத்துக்கிட்டு மோட்டுவளையப் பாக்கறதுக்கு வூட்டுக்கே போறேன்.”

“குப்புராஜ், அந்தப் பாயிண்டக் குடுத்துத் தொலை.”

“டிக்கெட் எடுக்காதவன நான் ஏத்தறதில்லீங்க சிஸ்டர்.”

தீர்த்தன் அவனைப் பார்த்தான். “ஒண்ணு கேக்கறேனுங்க. உங்க பஸ்ஸ ஓட்டறது யாரு?”

“டிரைவர்.”

“நீங்க?”

“டிக்கெட் குடுப்பேன், விசிலடிப்பேன். நான் இல்லாம பஸ் நவுந்துருமா?”

“ஓட்டலீங்களே. அப்புறம் உங்களுக்கெதுக்கு சம்பளம்?”

சவுரியப்பன் சிரித்த சிரிப்பில் முறிந்த கை வலித்து “மாதாவே” என்று அலறினார். குப்புராஜ் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அன்று மாலை ஆட்டம் இல்லை. காவேரி கொண்டுவந்த மீனைச் சவுரியப்பன் தின்றார். தீர்த்தனுக்குக் கை எட்டாத பக்கத்தில் கயிற்றுக்கு இன்னொரு முடிச்சு போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். மரம் ஏறுகிறவனுக்கு என் முடிச்சு எம்மாத்திரம் என்ற சந்தேகம் இருந்தது.

மறுநாள், காலை ஜெபத்துக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே விசில் கேட்டது. பெட்பேனும் கையுமாக ஓடினேன். தீர்த்தன் காலில் கட்டிய எடை நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. குப்புராஜ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான்.

“பூதத்துக்கு நூறு. கொன்னாலும் நூறு, தொரத்துனாலும் நூறு. பொகை போட்டவனுக்கு எழுவது. வாளப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னவருக்கு முப்பது.”

“நான் எங்க நின்னேன், உள்ள எலிய—”

“நின்னீங்க. சும்மா இருங்க.”

“காத்துப் பாத்ததுக்குங்க?” என்றான் தீர்த்தன்.

“யோவ், இது என்ன சந்தையா? பத்து சேத்துக்க. கதவத் தொறக்கறயா இல்லயா?”

நான் தீர்த்தனை இடுப்பைத் தூக்கச் சொல்லி, முதுகுக்கு ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டேன். அவன் கை கிண்ணத்துக்குள் சீட்டைத் துழாவிக்கொண்டிருந்தது.

“அந்தப் பாம்பு கடைசியா எப்பத் தின்னுச்சுங்க?” என்று கேட்டான்.