ஏழு பத்து வண்டியின் கண்டக்டர்

செய்தி வந்தது பயணிகளின் வாட்ஸ்அப் குழுவில். ஓடாத பஸ்ஸுக்கு ஒரு குழு! வண்டி நின்று இரண்டு வருஷமாகியும் யாரும் அதைக் கலைக்கவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை யாராவது பூப்படம் போடுவார்கள், அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை கரீம் பாயின் மகன் அதில் எழுதியிருந்தார்: "அத்தா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் பூந்தமல்லியில அடக்கம்." டீக்கடையில் நின்றிருந்தேன். கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஆவடியிலிருந்து மாங்காட்டுக்குக் காலை ஏழு பத்துக்குப் புறப்படும் வண்டிக்கு கரீம் பாய் கண்டக்டர், நான் டிரைவர். ஒன்பது வருஷம் ஒரே ஜோடி. அந்த வண்டியில் வந்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலி வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். பெண்களுக்கு டிக்கெட்டே வேண்டாம் என்று ஆன பிறகும், பருத்திப்பட்டு ஸ்டாப்பில் நிற்கும் பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சும்மா இட்டுகினு போறேன்னாலும் ஏற மாட்றாங்களே, இன்னா கொழுப்பு பாய்!" என்றேன். பாய் இறங்கிப் போய் ஒரு பெண்ணிடமே கேட்டுவிட்டார். பெயர் சுமதி, மாங்காட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. "ஆட்டோ வந்துரும்ண்ணே. உங்க வண்டி என்னிக்கு வரும், எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றாளாம். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு சொல்றது கரீட்டு நைனா. ஜனத்த மொதல்ல கைவுட்டது நாமதான்" என்றார்.

அதே மாதம் டிப்போவில் சொல்லிவிட்டார்கள்: ஆள் ஏறவில்லையென்றால் ஏழு பத்து டிரிப்பை எடுத்துவிடுவோம். எனக்கு அது ஒரு டிரிப். பாய்க்கு அப்படியில்லை. அட்டையில் நேரம் எழுதி ஸ்டாப்புக்கு ஸ்டாப் கட்டினார். மழையில் ஊறினால் மறுபடியும் எழுதிக் கட்டினார். பூக்காரம்மா முதல் காலேஜ் பிள்ளைகள் வரை ஒவ்வொருவராகக் கேட்டு நம்பர் வாங்கிக் குழு ஆரம்பித்தார். தினமும் ஏழு பத்துக்கு அதில் ஒரே வரி: "வண்டி எடுத்தாச்சு." அந்த வரிக்காக என்னை அவர் படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா! கையில் பாதி டீ இருந்தாலும் விசில் ஊதிவிடுவார். "நீ கண்டக்டரா, இல்ல எனக்கு வாய்ச்ச மாமியாரா?" என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பார். "லேட்டா போனா திட்டுவாங்க நைனா. வர்றோம்னு சொல்லிட்டுப் போவாம இருந்தா, அப்பால திட்டக்கூட மாட்டாங்க" என்பார்.

ஜனம் வந்தது. சத்தியமாக வந்தது. பூந்தமல்லி தாண்டும்போது படியில் நிற்காதே என்று கத்தும் அளவுக்கு வந்தது. சுமதி மாதாந்திர ஆட்டோவை நிறுத்திவிட்டு எங்களோடு வந்தாள். பாய் தன் வார விடுமுறையிலும் வீட்டில் உட்கார்ந்து ஏழு பத்துக்குக் குழுவில் அந்த வரியைப் போடுவார். என்னைக் கேட்க மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தால் போதும், எங்க டிரைவர் எடுத்திருப்பாரு என்பது அவர் கணக்கு.

அப்படி ஒரு விடுமுறை நாளில் எங்கள் வண்டியை வேறெங்கோ ஸ்பெஷல் டிரிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு பத்து கிடையாது. பாய் வழக்கம்போல் "வண்டி எடுத்தாச்சு" என்று போட்டார். ஸ்டாப் ஸ்டாப்பாக ஜனம் நின்றது. வந்த ஆட்டோவையெல்லாம் அனுப்பிவிட்டு நின்றது. சுமதி அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். மூன்றாவது நாளுக்கு அந்தக் கம்பெனியில் மன்னிப்பு இல்லை.

மறுநாள் அவள் ஸ்டாப்பில் நின்றாள், ஏறவில்லை. "உங்க பேச்ச நம்பித்தானே பாய் நின்னேன். வேலையே போச்சு" என்றாள். பாய் கீழே இறங்கி, "தப்புதாம்மா" என்றார். டியூட்டி முடிந்து மூன்று நாள் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அதன் பிறகு குழுவில் அந்த வரியை அவர் போடவேயில்லை. ஜனம் மெல்ல மெல்ல ஆட்டோவுக்கும் பைக்குக்கும் போய்விட்டது. கடைசியில் டிரிப்பையும் எடுத்தார்கள். அதோடு அவர் ஆள் பாதியாகிவிட்டார். ரிட்டயர் ஆன பிறகு வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை என்று மகன் சொன்னார்.

அடக்கத்துக்கு நம் வண்டி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பைக்கில். நானும்தான். அந்த ரோட்டில் நம்பி நிற்க ஒரு பஸ் இனி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று பாக்கியிருக்கிறது. சுமதி ஏறாமல் நின்ற அன்றைக்கு வண்டிக்குள் ஒருவர் கேட்டார்: "டிரைவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?" நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "அன்னிக்கு வண்டி எடுக்கறப்பதாங்க சொன்னாங்க" என்றேன். பாய் அவரிடம் திரும்பி, "எங்க டிரைவர அப்டி பேசாதீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லியிருப்பாரு" என்றார்.

ஸ்பெஷலுக்கு முந்தின நாள் சாயங்காலமே எனக்குத் தெரியும். சொன்னால் லீவையும் விட்டுவிட்டு டிப்போவுக்கு வந்து சண்டை பிடிப்பார், யார் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது, ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். ஒரே ஒரு போன். அதற்கப்புறம் அவரோடு எத்தனை டீ குடித்தேன், ஒரு நாளும் வாய் வரவில்லை. கரீம் பாய் எனக்கென்று விட்டுப்போனது, எல்லோர் முன்னாலும் என்னை நம்பி அவர் சொன்ன அந்த வார்த்தைதான். அது பொய் என்று அவருக்குத் தெரியாமலே அடக்கம் செய்துவிட்டோம்.