முதல் வாய்

மஞ்சக்கரடு அரண்மனையில் மைதீன் பிச்சையைப் பற்றி இன்றைக்கு யாரிடம் கேட்டாலும், "விஷம் வைக்கப் பார்த்தவர்தானே?" என்பார்கள். விஷத்தைப் பார்த்தது யார் என்று திருப்பிக் கேளுங்கள், எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். நான் அந்த அரண்மனையில் கார் ஓட்டியவன். பெயர் ராயப்பராஜ், திண்டுக்கல்காரன். யாரையும் சட்டென்று நம்புகிற புத்தி எனக்கும் கிடையாது. மைதீன் பிச்சையையும் நான் லேசில் நம்பிவிடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது ஜமீன்தாரான எங்கள் துரைக்கு மிஞ்சியது அரண்மனையும், ஒரு மாந்தோப்பும், கொஞ்சம் நஞ்சையும்தான். ஆனாலும் தர்பார் நிற்கவில்லை. காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்காருவார். காரியஸ்தர் அழகர்சாமி கைகட்டி நிற்பார். வந்து கும்பிடுவதற்கும் நாலு பேர் இருந்தார்கள், என்ன கிடைக்கும் என்ற நினைப்பில்தான்.

துரைக்கு ஒரே ஒரு பயம், சோற்றைப் பற்றியது. அவருடைய அப்பா தயிர்ச்சோறு சாப்பிட்டுப் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். துரை அந்தத் தயிரைத்தான் சந்தேகப்பட்டார். மதுரையில் இருந்த தம்பி சொத்தில் பாகம் கேட்டு வழக்குப் போட்ட பிறகு சந்தேகம் முற்றிப்போனது. சமையல்காரர்கள் வருவதும் துரத்தப்படுவதுமாக இருந்தார்கள். மனிதர் பாதி நாள் பட்டினி.

ஐம்பத்துநாலில் ஒரு விருந்தாளியை ரயிலேற்றக் கொடைரோடு போயிருந்தோம். ரயில் தாமதம், துரைக்கு நல்ல பசி. ஸ்டேஷனுக்கு எதிரே மைதீன் பிச்சை ஆப்பக்கடை போட்டிருந்தார். நான் ஒரு தட்டு வாங்கிக்கொண்டுவந்து நீட்டினேன். துரை தட்டையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே, இதுல என்னென்ன போட்டிருக்க?"

மைதீன் பிச்சை காரிடம் வந்து, ஆப்பத்தை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைக் குழம்பில் தொட்டுத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். மறுபாதி தட்டிலேயே இருந்தது.

"துரைக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு பயமும் இல்ல, சாப்பிடுங்க" என்றார்.

துரை சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார், அதிலும் பாதி மைதீன் பிச்சைக்குப் போனது. திரும்பும் வழியெல்லாம் துரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். அந்த மாதமே மைதீன் பிச்சை கடையை மூடிவிட்டு மனைவி குர்ஷித் பேகத்துடன் அரண்மனைக்கு வந்துவிட்டார்.

அவர் சமைப்பார். துரை உட்கார்ந்ததும் எதிரே தனி இலையில் எல்லாவற்றிலும் ஒரு கவளம் எடுத்து முதல் வாய் அவர் உண்பார். அதற்குப் பிறகுதான் துரையின் கை சோற்றுக்குப் போகும். சோற்றில் தொடங்கியது பேச்சிலும் வந்தது. மாடு வாங்கினாலும், தோப்பைக் குத்தகைக்கு விட்டாலும், "பிச்சை, நீ என்ன சொல்ற?" என்று துரை கேட்பார். அரண்மனைத் தெருவில் ஒரு வீடு கொடுத்தார். பொங்கலுக்குச் சரிகை அங்கவஸ்திரம் போர்த்தினார். என் பக்கத்து இருக்கையில் அவரை உட்காரவைத்ததில் எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ரமலான் மாதம். பகலில் மைதீன் பிச்சை வாயில் எதையும் வைக்க முடியாது. பசி பொறுக்காத துரை, அந்த மாதம் முழுவதும் மதியச் சோற்றைப் பொழுது சாய்கிறவரை தள்ளிவைத்தார். பாங்கு நேரம் ஆனதும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அழகர்சாமிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒருநாள் என்னிடம், "இம்புட்டுப் பிரியம் எதுக்குப்பா? ஏதோ வசியம் பண்ணிட்டான்" என்றார். எனக்கு வேறு சந்தேகம். இவ்வளவு கிடைத்தும் அந்த மனிதர் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவனைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும்.

அறுபத்தொன்றில் குர்ஷித் பேகம் டைபாய்டு வந்து பிழைப்பாரா என்று கிடந்தார். பிழைத்தால் ஒரு நோன்பு வைப்பதாக மைதீன் பிச்சை நேர்ந்துகொண்டார். பிழைத்துவிட்டார். துரை மதியம் அரண்மனையில் சாப்பிடுகிற நாளில் அந்த நோன்பை வைக்க முடியாது. எனவே வழக்கு வாய்தாவுக்காக நாங்கள் மதுரை போகும் நாளாகப் பார்த்து வைத்தார். அந்த நாட்களில் துரை இளநீரோடு இருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

அன்றைக்குப் பார்த்து ஜட்ஜ் லீவு. கோர்ட்டு வராந்தாவில் தம்பி எதிரே வந்து, "அண்ணே, உடம்பெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். திரும்பி வரும்போது துரை அதையே போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"அவன் எதுக்குலே என் உடம்பக் கேட்டான்?"

"சும்மா கேட்டிருப்பாரு துரை."

"சும்மா கேக்கிறவனா அவன்?"

உச்சிப்பொழுதில் அரண்மனைக்கு வந்து சோறு கேட்டார். மைதீன் பிச்சை அவசரமாகச் சமைத்துப் பரிமாறினார். துரையின் பையை வைக்க உள்ளே போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். துரை எதிர் இலையைக் காட்டினார். மைதீன் பிச்சை உட்காரவில்லை.

"துரை, இன்னைக்கு நான் நோன்பு."

"நோன்புதான் பெருநாளோட முடிஞ்சு போச்சே."

"இது வீட்டுக்காரிக்காக நேர்ந்தது. செத்த பொறுத்தீங்கன்னா பொழுது சாஞ்சிரும்."

அழகர்சாமி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இன்னைக்குன்னு பார்த்து நோன்பு வந்திருக்கு." குரலை உயர்த்தக்கூட இல்லை, பாவி.

மாதம் முழுக்கப் பொழுது சாயக் காத்திருந்த அதே துரை, சோற்றை மைதீன் பிச்சை பக்கம் தள்ளினார். "ஒரு வாய். இப்பவே."

மைதீன் பிச்சை நின்றார். அவர் கண் ஒருமுறை தன் வீடு இருந்த திசைக்குப் போய் வந்தது. பிறகு உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. இன்னொரு கவளமும் எடுத்தார். நேர்ந்த நோன்பை அந்த மனிதர் துரைக்காக முறித்தார், ஐயா.

துரை சாப்பிடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சோறுன்னா இம்புட்டு நேரம் எதுக்கு யோசிச்ச?"

மறுநாள் காலையில் அரண்மனைத் தெரு வீட்டைப் பூட்டிச் சாவி வாங்கிவிட்டார்கள். மிச்சச் சோற்றை அழகர்சாமி தோப்பு நாய்களுக்குப் போடச் சொன்னார். நான்தான் போட்டேன். நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போய்த் துரையிடம் சொன்னேன். "அதுகளுக்கு அவன் கை பழக்கம்" என்றார்.

மைதீன் பிச்சை கொடைரோட்டில் மறுபடி ஆப்பக்கடை போட்டார். அந்த வழியாக வெறும் வண்டியோடு போகும்போது நிறுத்துவேன். ஒருநாள் சொன்னார்: "முறிச்ச நோன்ப அல்லாகிட்ட அழுதுட்டு மறுபடி வச்சுட்டேன், ராயப்பா. அங்க கணக்கு தீந்துபோச்சு. இவருகிட்ட எப்படித் தீக்கிறது? என் கையால ஒரு வாய் சாப்பிட்டாருன்னா போதும். வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

துரை அதற்குள் எந்தச் சமையலையும் தொடுவதில்லை. தானே உரித்த வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, கண் முன்னால் வெட்டிய இளநீர், அவ்வளவுதான். அறுபத்தாறில் எலும்பும் தோலுமாக ஆனார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பொய் சொல்லிக் கடைக்கு எதிரே நிறுத்தினேன்.

மைதீன் பிச்சை பார்த்துவிட்டார். சூடான ஆப்பத்தோடு ஓடிவந்தார். யாரும் கேட்கவில்லை, தானே பிய்த்துப் பாதியை வாயில் போட்டு விழுங்கினார். மறுபாதியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சாப்பிடுங்க துரை."

துரையின் நாக்கு உதட்டைத் தடவியது. கை ஆப்பம் வரைக்கும் போனது. மாதக்கணக்கில் சோறு காணாத கை அது. கை அங்கேயே நின்றது. பிறகு மடியில் விழுந்தது.

"அன்னைக்கு அம்புட்டு நேரம் யோசிச்சவன்," என்று என்னிடம் மெல்லச் சொன்னார், "இன்னைக்கு எப்படிலே யோசிக்காமத் தின்னான்? வண்டிய எடு."

எடுத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மைதீன் பிச்சை நடுரோட்டில் நின்று, துரைக்குத் தெரியும்படி கையை உயர்த்திப் பிடித்து, அந்த மறுபாதியையும் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். துரை திரும்பிப் பார்க்கவில்லை.