வருகைப்பதிவில் ஏழாவது ஆள்

தொழிலாளர் வேலை செய்யும் இடம் எதுவானாலும் அங்கே போதிய வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. கண் தெரியாதவர்களுக்கு அது வேண்டியதில்லை என்று எந்த உட்பிரிவிலும் எழுதவில்லை. ஆனால் என் அத்தை வேலை செய்த கொட்டகையில் ஒரு பல்புகூடக் கிடையாது. பஞ்சுத்தூசி பறக்கிறது என்று பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் ஜன்னல்களையும் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு, பெருமாநல்லூர் பக்கம் மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் மறுசுழற்சி மையமொன்றில் வாரம் இரண்டு நாள் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். நாற்பது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததை இப்போது தொண்டு என்கிறார்கள். அங்கே தலைக்கு மேல் வரிசையாக விளக்குகள். அவற்றின் கீழே உட்கார்ந்தால் அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமைகளில் அத்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போய், மாலைவரை அங்கே மூட்டை நகர்த்திக் கொடுப்பேன். பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துணியை, பார்வையற்ற ஏழு பேர் விரலால் தடவியே வெளுத்தது, வெளுக்காதது என்று பிரிப்பார்கள். இடம் கொடுத்த சங்கம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: ஏழில் ஒருவர் குறைந்தாலும் கொட்டகை பூட்டப்படும். சங்கச் செயலாளர் சனிக்கிழமைதோறும் வருவார். தும்மல் வரும் என்று உள்ளே கால் வைக்க மாட்டார். வாசலில் நின்றே பெயர் கூப்பிடுவார். இருட்டுக்குள்ளிருந்து ஆறு பேர் "இருக்கேனுங்க" என்பார்கள். ஏழாமவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர். "இருக்கேன்யா" என்று சொல்லி இரண்டு முறை இருமுவார்.

அவர் ஒரு புதன்கிழமை இறந்துபோனார். அவர் தனியாகக் குடியிருந்த அறைக்கு அத்தையை நான்தான் கூட்டிப்போனேன். தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை செயலாளர் ஏழாவது பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்யா."

பிறகு இரண்டு இருமல். அவர் வழக்கமாக உட்காரும் மூலையிலிருந்து. செயலாளர் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் தட்டுத் தடுமாறி அத்தையின் இடத்துக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. சாக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சற்று நேரத்தில் அத்தையின் கை என் தலையில் விழுந்தது.

"அத்தே, அந்தத் தாத்தா பேசறாருங்க."

"பேசட்டும் கண்ணு. உசுரோட இருந்தப்பவே ஒரு நாள் லீவு போடாத மனுசன். செத்ததுக்கா போடப்போறாரு?"

இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை குரல் என்று எண்ணப் பயந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஊட்டுல சொல்லிப்போடாத சாமி" என்றார் அத்தை.

நான் சொல்லவில்லை, எழுதினேன். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பேய்க்கு மற்றப் பிள்ளைகள் திருநீறு பூசிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தது மனு. வெளிச்சம் வந்தால் அவர் போய்விடுவார் என்று நம்பினேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், விதியைச் சுட்டிக்காட்டி, கொட்டகைக்கு விளக்கு கேட்டு தொழிலாளர் ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் அவர் வாராவாரம் வந்துகொண்டிருந்தார்.

"இருமல் இன்னும் உடலீங்களா?" என்று செயலாளர் ஒருமுறை விசாரித்தார்.

"விடாதுய்யா" என்றது மூலை.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. கொட்டகைக்கு ஓடிப்போய் வாசல் வெளிச்சத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். ஆய்வாளர் திங்கட்கிழமை நேரில் வருவார். விளக்குடன் உள்ளே வந்து, வசதிகளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சரிபார்ப்பார்.

இறந்தவரின் மூலையிலிருந்து அத்தை எழுந்து வந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"திங்கக்கெழமையேவா கண்ணு?" என்றார்.

பல்பு எரிவதைப் பார்க்க முடியாதவருக்கும் இத்தனை அவசரமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பதில் வந்த அன்று மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை; தையின் முதல் சனிக்கிழமை கொட்டகை பூட்டிக் கிடந்தது.