வரிசையில் முதல் வண்டி

பதுளைக்கு ரயில் வராத காலம். கடைத்தெருவில் எனக்கு அரிசிக்கடை. நகரசபை அங்கத்தவர் ஒருவர் தினமும் அவ்வழியே சைக்கிளில் போவார். ஒல்லியான மனிதர். கால்சட்டை சங்கிலியில் மாட்டாதபடி கணுக்காலில் கயிறு கட்டியிருப்பார். கூட்டத்தைக் கண்டால் மணி அடிக்கமாட்டார். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு சாமான் வாங்க வருவார்கள். ஒருமுறை, இறக்கத்தில் வந்த மாட்டுவண்டி ஒரு பிள்ளையின் காலில் ஏறிவிட்டது. அதன்பிறகு ஞாயிறு மதியம்வரை வண்டிகள் கடைத்தெருவுக்கு முன்னாலுள்ள பாலத்தைத் தாண்டக்கூடாது என்று அவர் சபையில் வாதாடி உத்தரவு வாங்கினார்.

அடுத்த ஞாயிறு, பண்டாரவளை ரயில் நிலையத்திலிருந்து வண்டியில் வந்த என் அரிசி மூட்டைகளும் பாலத்தடியில் மாட்டிக்கொண்டன. கோபமாகப் போனேன். அவர் அங்கேதான் நின்றிருந்தார்.

“ஐயா, அரிசி இல்லாம நான் எப்படிக் கடை நடத்துறது? இன்னைக்கு மட்டும் என் வண்டிய விடச் சொல்லுங்க.”

“முன்னால நிக்குதே, அது யாரு வண்டின்னு பாருங்க முதலாளி.”

அவருடையதுதான். மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். சாக்குகள் தூறலில் நனைந்துகொண்டிருந்தன.

“அத விட்டா உங்களதையும் விடணும். எல்லாத்தையும் விட்டா பிள்ளைங்க எங்க நடக்கும்?”

இதில் அவருக்கு என்ன லாபம் என்பது வியாபாரியான எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மூட்டைகளைச் சனிக்கிழமையே இறக்கிவிடுகிறேன்.