என் மறுபதிப்பு கேட்ட மன்னிப்பு

மனிதனின் மனத்தைக் கணினிக்குள் ஏற்றிவிடலாம் என்று வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அல்சூரிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே ஒரு மனிதனுக்கு ஒன்றரை மணி நேரமாகும் ஊரில், அவன் மனம் மட்டும் நொடியில் போய்விடும் என்பதை நான் ஐயத்தோடுதான் கேட்டேன். ஆனால் என் மகள் பணிபுரிவது அங்கேதான். முதற்சோதனைகளுக்கு ஊழியர்கள் தத்தம் பெற்றோரைக் கொடுத்துதவுமாறு கேட்டிருந்தார்களாம். பிறர் பெற்றோர் எளிதில் கிடைப்பதில்லை அல்லவா?

"அப்பா, சும்னே பேசிட்டே இருங்க. அது போதும்," என்றாள் மகள், சும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லி. நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்த என்னிடம் அதுவரை எவரும் விடுத்திராத வேண்டுகோள். உடனே இசைந்தேன்.

ஆறு வாரம் பேசினேன். என் நாட்குறிப்புகளையும், வந்த மடல்களையும், எழுதி அனுப்பாமல் பெட்டியில் போட்டுவைத்த மடல்களையும் அவள் படமெடுத்துக்கொண்டு போனாள். முடிவில், என் குரலில், என் சொற்களில், என் இருமலோடு பேசும் ஒன்றை அலைபேசியில் கொண்டுவந்து தந்தாள். நான் அதற்கு மறுபதிப்பு என்று பெயரிட்டேன். பழைய பிழைகள் களையப்பட்டுள்ளன என்று முன்னுரையில் அறிவித்துவிட்டுப் புதிய பிழைகளைச் சேர்ப்பதுதானே மறுபதிப்பு!

அதனோடு உரையாடிப் பார்த்தேன். தமிழின் நிலை, மெட்ரோவின் நெரிசல், குப்பை வண்டியின் நேரந்தவறாமை என எதைக் கேட்டாலும் நான் சொல்லக்கூடியதையே சொன்னது. இடைமறித்தால் மட்டும் நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டது. அந்த ஓரிடத்தில் தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்று மகளிடம் சுட்டிக்காட்டினேன். என் மனைவி அந்த ஓரிடத்துக்காகவே அதை விரும்பத் தொடங்கினாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா நீங்க என்னைக்காவது முழுசாக் கேட்டிருக்கீங்களா? அது கேக்குது. ரெண்டு பேர்ல யார வச்சுக்கறதுன்னு யோசிக்கிறேன்."

மகளோ இன்னும் கடினமாக வாதிட்டாள். "உங்க நினைவு, பேச்சு, கோபம் எல்லாம் அதுல இருக்கு. அப்புறம் அது நீங்க இல்லாம வேற யாரு? உங்க மூக்குக்கண்ணாடியவே பாருங்க. ஃப்ரேம் ரெண்டு தடவை மாத்தியாச்சு, லென்ஸ் நாலு தடவை. இன்னும் 'என் பழைய கண்ணாடி எங்கே'ன்னுதானே தேடறீங்க?"

"அதேபோல் இன்னொன்று செய்தாலும் மூக்கு ஒன்றுதானே அம்மா? எது மூக்கின்மேல் இருக்கிறதோ அதுவே என்னுடையது," என்றேன்.

"அப்போ மூக்குதான் நீங்களா?"

இந்த வினாவுக்கு வீட்டில் விடை கிடைக்காததால், எங்கள் தெருவில் மாதந்தோறும் ஒரு ஞாயிறன்று கூடும் சிறு இலக்கிய வட்டத்தில், 'படி ஆளாகாது', அதாவது நகல் மனிதனாகாது, என்னும் தலைப்பில் உரையாற்ற ஒப்புக்கொண்டேன்.

இங்கே என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈஜிபுராவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முப்பது ஆண்டு நட்பு. கடைசி ஆறு ஆண்டுகள் பேச்சில்லை. அந்த வட்டத்தின் கூட்டமொன்றுக்கு அவர் தலைமை தாங்கினார். பேசுவோரின் நேரம் முடிந்ததும் தலைவர் மேசைமணியைத் தட்டுவது வழக்கம். மற்றவர்களுக்கு ஒருமுறை மெல்லத் தட்டியவர், எனக்கு மும்முறை அடித்தார். மூன்றாம் முறை மணியிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அவையோர் சிரித்தனர். நான் பாதித் தொடரோடு மேடையிலிருந்து இறங்கினேன். வாசலில், அவருடைய பழைய மாணவர் இருவர் முன்னிலையில், "பள்ளிக்கூடத்தில் மணியடிக்கத்தான் நீங்கள் தகுதி. பாடம் நடத்தப் போனது பிழை," என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இப்போது அவர் மகனோடு வாழக் கோவைக்கே போகிறார், ஞாயிற்றுக்கிழமை வண்டி என்று மனைவி செய்தி கொண்டுவந்தாள். அவளும் நண்பரின் மனைவியும் பேச்சை நிறுத்தியிருக்கவில்லை. "போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க," என்றாள். அவர் முதலில் பேசட்டும் என்றேன். பிழை என்னுடையது என்பதை நான் அறிவேன். ஆகவே முதலில் பேசுவது அவருக்கே எளிது என்று கருதினேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு நண்பர் எங்கள் வாசலில் நின்றார்.

"உங்க மன்னிப்பை ஏத்துக்கிட்டேன் ஐயா. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எந்த மன்னிப்பு?"

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "நேத்து கேட்டீங்களே, அது!"

முந்தைய நாள் அவள் அலைபேசியோடு ஈஜிபுரா சென்று, மறுபதிப்பை அவர்முன் பேசவைத்திருக்கிறாள். அனுப்பாத மடல்களைப் படித்திருந்த அதுவும் தயங்காமல் மன்னிப்புக் கேட்டிருக்கிறது.

"ஐயா, அது நானில்லை. ஓர் இயந்திரம்," என்றேன்.

"தெரியும். அம்மா சொல்லிட்டுத்தான் போட்டாங்க. சொல்லலைன்னாலும் கண்டுபிடிச்சிருப்பேன். ஒன்றரை நிமிஷத்துல முடிச்சிடுச்சே!"

அடுக்களையில் சிரிப்பு கேட்டது.

"அப்படியானால் இயந்திரத்தின் மன்னிப்பை எவ்வாறு ஏற்றீர்கள்?"

"அதுக்கு அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு? உங்க பெட்டியிலேருந்துதானே? அஞ்சு லெட்டர் எழுதி ஒண்ணைக்கூடப் போஸ்ட் பண்ணலையாமே!"

அது நானில்லை என்று உறுதியாக நின்றால், அவர் மன்னிப்பே கேட்கப்படாதவராகக் கோவைக்குப் போவார். அது நான்தான் என்று ஒப்பினால், என் உரை தலைப்போடு கவிழும். இத்தகைய இக்கட்டில் கற்றோர் செய்வதையே நானும் செய்தேன்; "மெய்யியல் நோக்கில் பார்த்தால்..." என்று தொடங்கினேன்.

"ஐயா, மதியம் மூட்டை கட்டறவங்க வராங்க. அது சொன்னதை நீங்க சொல்றீங்களா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். நல்ல சொற்களையெல்லாம் மறுபதிப்பு முந்தைய நாளே பயன்படுத்தித் தீர்த்திருந்தது. "அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்றேன். "எல்லாரும் சிரிச்சாங்க. அவமானமாப் போச்சு. அதை உங்க மேல காட்டிட்டேன். அந்தப் பசங்க முன்னாடி சொல்லியிருக்கவே கூடாது."

வடசொல் கலந்த கொச்சை. என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அது சொன்ன அளவுக்கு நல்லா இல்ல," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குளம்பி, அவர் சொல்லில் காப்பி, கேட்டார்.

ஞாயிறன்று வட்டத்துக்கு வர இயலாது எனச் சொல்லியனுப்பினேன். மறுபதிப்பைப் பேசவைக்கலாமே என்றாள் மகள். படி ஆளாகாது என்பதைப் படியே மெய்ப்பிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நன்றாகவே பேசியதாகச் சொன்னார்கள். நான் அதை விசாரிக்கவில்லை.

அந்நேரம் நான் கண்டோன்மென்ட் நிலையத்தில் நண்பரின் புத்தகக் கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தேன். வண்டி நாற்பது மணித்துளி தாமதம் என்று அறிவித்தார்கள். நடைமேடை இருக்கையில் அமர்ந்தோம். பேசுவதற்கு ஆறு ஆண்டுகள் இருந்தன; இருவரும் ஒன்றும் பேசவில்லை. வண்டி வரும்வரை அப்படியே இருந்தோம். பதிந்துகொள்ள ஒரு சொல்லும் இல்லாத அந்த நேரத்தால் என் மகளின் அலுவலகத்துக்கு எள்ளளவும் பயனில்லை.